சீல் உடையாத முகமூடிகள்

கண்டக்டரை ஏன் வைகிறீர்? ஜன்னல் தகரத்தில் கையை வைத்தது நீர். ரத்தம் வந்தால் அவர் என்ன செய்வார்? முதலுதவிப் பெட்டியின் சாவி டிப்போவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சாவி இருக்கிற இடம் தெரிந்து வைத்திருக்கிறாரே, அதுவே பெரிய விஷயம். இந்தாரும், என் கைக்குட்டை. சுற்றிக்கொள்ளும். துவைத்ததுதான்.

பெட்டி பூட்டியிருந்தால் உமக்கு என்ன கோபம்? பூட்டாமல் விட்டால் பஞ்சு காதுக்குப் போகும். கத்தரிக்கோல் மீசைக்குப் போகும். டிஞ்சர் பாட்டிலை எவனாவது குடித்தே பார்ப்பான். உள்ளே ஒன்றும் இருக்காது என்கிறீரா? இல்லாவிட்டால் போகிறது. பூட்டு இருக்கிறதே.

எனக்கு இதில் அனுபவம் உண்டு. திருச்செந்தூர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். குறுக்கே பேசக் கூடாது.

நான் கப்பற்படையில் இருந்தவன். பெயர் குற்றாலிங்கம். ஊர் தென்காசி. அருவியில் குளித்து வளர்ந்தவனைக் கொண்டுபோய், குளிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் போட்டார்கள். நீர்மூழ்கிக் கப்பல்.

நீர்மூழ்கி என்றதும் கண்ணாடி வழியாக மீன் பார்ப்போம் என்று நினைக்கிறீர். எல்லோரும் அப்படித்தான். என் மாமனார் சாகும்வரை, 'திமிங்கிலம் பாத்தேளா மாப்பிள்ளை?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலே கிடையாது ஓய். இந்தப் பஸ்ஸை எடுத்துக்கொள்ளும். ஜன்னலையெல்லாம் தகரம் வைத்து அடையும். சீட்டுக்கு அடியில் உருளைக்கிழங்கு மூட்டை. தலைக்கு மேல் வெங்காயம். எங்கே பார்த்தாலும் டீசல் நாற்றம். குடிக்கிற காப்பியிலும் டீசல், தின்கிற ரொட்டியிலும் டீசல். இந்த ஜனம் முழுவதும் குளிக்காமல், இறங்காமல், வாரக்கணக்கில். அதுதான் நீர்மூழ்கி. பக்கத்தில் படுத்துக்கொள்ள ஒரு டார்பிடோவையும் வைத்துக்கொள்ளும்.

ஒரு படுக்கைக்கு இரண்டு பேர். சேர்ந்து அல்ல. அவன் டியூட்டிக்கு எழுந்து போவான், நான் போய்ப் படுப்பேன். அவன் சூடு அப்படியே இருக்கும். வியர்வையும் இருக்கும். என் படுக்கைக் கூட்டாளி குஞ்ஞப்பன். ஆலப்புழைக்காரன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் அவனால் இருக்க முடியாது. அந்தத் தலையணையைப் பிழிந்தால் ஒரு வேளைக்குத் தாளிக்கலாம்.

கக்கூஸ் உண்டு. போகலாம், தடையில்லை. ஆனால் வெளியே தள்ள வேண்டுமென்றால் அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். தள்ளினால் குமிழி மேலே போகும். மேலே எதிரி நின்றால் குமிழியைப் பார்த்துக் குண்டு போடுவான். நீர் காலைக்கடன் கழித்த பாவத்துக்கு ஒரு கப்பலே முழுகும். அதனால், 'சார், தள்ளலாமா?' என்று கேட்போம். பருவா சார் கடிகாரத்தைப் பார்ப்பார், கடல் படத்தைப் பார்ப்பார், 'இரு' என்பார். இருப்போம். பருவா சார் எங்கள் இரண்டாம் அதிகாரி. அசாம்காரர். நல்ல மனுஷன், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

சிரிக்காதீர். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் சொல்லியிருந்தால் நாடு எப்போதோ உருப்பட்டிருக்கும்.

சரி. என் வேலை என்ன? முகமூடி. உயிர்காக்கும் முகமூடி. ரப்பரில் முகமூடி, அதோடு ஒரு பை, சின்னதாக ஓர் ஆக்ஸிஜன் குப்பி, விட்ட மூச்சைச் சுத்தம் பண்ணச் சுண்ணாம்பு மாதிரி மருந்து போட்ட ஒரு டப்பா. உள்ளே விஷக்காற்று வந்தால் அதை மாட்டிக்கொண்டு உயிரோடு இருக்கலாம். கப்பல் முழுகிவிட்டால் அதை மாட்டிக்கொண்டே மேலே நீந்தலாம். ஆளுக்கு ஒன்று. எங்கள் அறைக்கு உண்டான அத்தனைக்கும் நான் பொறுப்பு.

நான் பொறுப்பெடுத்தபோது அவை இருந்த கோலத்தைக் கேளும். அவரவர் படுக்கைப் பக்கம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தன் பையை ஊதித் தலையணையாக வைத்திருந்தான். ஒருத்தன் ரப்பர் பட்டையை வெட்டி ஜட்டிக்குப் போட்டிருந்தான். இன்னொருத்தன் அந்த மருந்தை எடுத்து வெற்றிலையில் தடவிப் பார்த்து நாக்கு வெந்துபோய்க் கிடந்தான். வாயைத் திறக்க முடியாமல் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறான், யாரிடமும் சொல்லாதே என்று. சொன்னேன்.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் தொம்மை. சமையல்காரன். மணப்பாட்டுக்காரன். சமையல் என்றால் என்ன சமையல்? கப்பல் ஈரத்தில் டின்களின் காகிதமெல்லாம் உரிந்துபோகும். எந்த டின்னில் என்ன என்று தெரியாது. இவன் பாட்டுக்கு உடைத்துக் கொட்டுவான். பட்டாணிக் குழம்பில் அன்னாசிப்பழம் மிதக்கும். கேட்டால், 'கரையில இதுக்குத் துட்டு கொடுத்துத் திங்கான்' என்பான். வாய் மட்டும் மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி வரைக்கும்.

ஒருநாள் எங்கள் அறைக் கோடியில் இருக்கிற அடுப்படிக்குப் போனேன். தொம்மை முகமூடி மாட்டிக்கொண்டு நிற்கிறான். விஷக்காற்று வந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துவிட்டேன். கிட்டே போனால், வெங்காயம் வெட்டுகிறான்!

"என்னவே இது?"

முகமூடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டான். "கண்ணு எரியுதுல்லா?"

"உயிர் போற நேரத்துக்கு வச்சிருக்கிறதுவே அது!"

"தெனமும் அரை மூட்ட வெங்காயம் வெட்டுதேன் ஓய் குத்தாலம். எனக்குத் தெனமும்லா உயிர் போவுது. வெங்காயம் வெட்ட நீரு வாரும், இந்தா கழத்திப் போடுதேன்."

பிடுங்கினேன். மறுநாளும் மாட்டியிருந்தான். பிடுங்கினேன். அடுத்த நாள் வேறு ஒருத்தனுடையதை மாட்டியிருந்தான். அவனுக்கு அது பழக்கமாகிவிட்டது. ஒரு கையால் பட்டையைப் பின்னால் இழுப்பான், மறு கையால் குப்பியின் திருகைத் திருப்புவான், கண் மூடித் திறப்பதற்குள் மாட்டிவிடுவான். திருட்டுக் கை.

நான் பருவா சாரிடம் போய் நின்றேன். இரும்பு அலமாரி வேண்டும், பூட்டு வேண்டும் என்றேன். அவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, 'செய், செய்' என்று கையை ஆட்டினார். செய்தேன். ஒவ்வொரு முகமூடியையும் சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் தூவி, துணி உறை தைத்து, அலமாரியில் வரிசையாக வைத்தேன். பூட்டினேன். பூட்டுக்கு மேல் கம்பி சுற்றி ஈய சீல் வைத்தேன். அதிகாரி உத்தரவில்லாமல் சீலை உடைக்கக் கூடாது. சாவியை எங்கேயும் தொங்கவிடவில்லை. என் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் எங்கள் அறைக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து சோதனைக்கு வருகிற அதிகாரிகள் என் அலமாரிக்கு முன்னால் நின்று தலையை ஆட்டுவார்கள். சீலைத் தொட்டுப் பார்ப்பார்கள். 'மற்ற கப்பல்காரர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டும்' என்றார் ஒருத்தர். அலமாரியைத் திற என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

தொம்மைக்குத்தான் வயிற்றெரிச்சல். அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வான். "ஓய் குத்தாலம், நடை எப்ப தொறப்பீரு? ஒரு சூடம் காட்டும், தரிசனம் பண்ணிக்கிடுதோம்." வேதக்காரன் பேசுகிற பேச்சா இது? ஒழுங்காகச் சிலுவை போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே? மற்றவர்களும் சேர்ந்துகொண்டு சிரிப்பார்கள். குஞ்ஞப்பன் ஒருநாள் அலமாரிக்கு முன்னால் வாழைப்பழம் வைத்தான். நான் எடுத்துத் தின்றுவிட்டேன்.

பக்கத்து நாட்டோடு சண்டை வந்தது.

எதிரிக் கரைக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தோம். பகலெல்லாம் அடியில். வெளிச்சம் போனதும் கொஞ்சம் மேலே வந்து, குழாய் வழியாகக் காற்று இழுத்து, பாட்டரிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி அடியில். அன்றைக்குச் சார்ஜ் போதாமல் மதிய வெளிச்சத்திலேயே குழாயை மேலே நீட்டியிருந்தோம். சாப்பாட்டு நேரம். பெரிஸ்கோப்பில் எதிரி விமானம் ஒன்று வட்டம் போடுவதைப் பார்த்துவிட்டுக் கப்பலை அவசரமாகக் கீழே இறக்கினார்கள். இறக்கின வேகத்தில் காற்றுக் குழாயின் வால்வு சரியாக உட்காரவில்லை. கடல் தண்ணீர் உள்ளே வந்தது. வால்வை அடைத்துவிட்டார்கள். ஆனால் வந்த தண்ணீர் சும்மா இருக்குமா? எங்கள் அறையின் தரைக்கு அடியில்தான் பாட்டரி. அதற்குள் இறங்கிவிட்டது.

பாட்டரிக்குள் உப்புத் தண்ணீர் போனால் என்ன வரும் தெரியுமா? குளோரின். பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் தலையில் கவிழ்த்த மாதிரி இருக்கும். பச்சையும் மஞ்சளுமாகத் தரைப் பலகை இடுக்கிலிருந்து மேலே வந்தது. இரண்டு இழுப்பு இழுத்தால் நெஞ்சு கிழியும்.

பருவா சார் இரண்டு பக்கமும் கதவை அடைக்கச் சொன்னார். சரியான உத்தரவு. ஓர் அறையில் விஷம் வந்தால் அது அந்த அறையோடு நிற்க வேண்டும். உள்ளே இருக்கிறவர்களும் அந்த அறையோடு நிற்க வேண்டும். கப்பல் மேலே போய் மூடியைத் திறந்தால் காற்று வரும். மேலே போனால் விமானம் குண்டு போடும். அது போகிற வரைக்கும் நாங்கள் எதையாவது சுவாசித்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"தொற ஓய்!" என்றான் தொம்மை.

சாவி எங்கேயும் போகவில்லை. இடுப்பில்தான் இருந்தது. ஆனால் சீல் இருக்கிறதே. உத்தரவு வேண்டுமே. சுவரில் அந்தப் பக்கத்து அறைக்குப் பேசுகிற குழாய் உண்டு. அதில் வாயை வைத்து, "சார், முகமூடி அலமாரி சீலை உடைக்க அனுமதி வேண்டும்" என்றேன். இருமலோடுதான் சொன்னேன், ஆனாலும் முறையாகச் சொன்னேன்.

குழாய்க்குள்ளிருந்து பருவா சார், "எந்த சீல்?" என்றார்.

"அலமாரி சீல், சார்."

"மாஸ்கைப் போடுடா கழுதை!" என்றார் ஹிந்தியில்.

இதை உத்தரவு என்று எடுத்துக்கொள்வதா? நீரே சொல்லும். மாஸ்கைப் போடு என்றால் சீலை உடை என்று ஆகுமா? கழுதை என்று எந்த உத்தரவிலாவது வருமா? நான் மறுபடி கேட்டேன். "சார், சீலை உடைக்கலாமா, வேண்டாமா?"

அதற்குள் பின்னால் டணார் என்று சத்தம். தொம்மை இறைச்சி வெட்டுகிற கத்தியால் பூட்டின் மேல் ஓங்கிப் போடுகிறான். பாட்டரிக்கு மேலே நின்றுகொண்டு இரும்பால் இரும்பை அடிக்கிறான், தீப்பொறி பறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தானா? நல்ல பூட்டு அது. திண்டுக்கல் பூட்டு. லீவில் வந்தபோது என் கைக்காசு போட்டு வாங்கியது. மூன்று அடி தாங்கியது. நாலாவதில் கொண்டி பிய்ந்துவிட்டது. என் சீல் பறந்து போய்க் குழம்புச் சட்டியில் விழுந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்க்கச் சகிக்காது. உறையைக் கிழித்து இழுத்தார்கள். பவுடர் பறக்கிறது. குஞ்ஞப்பன் முகமூடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு திணறுகிறான். ஒருத்தன் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் அழுகிறான். ஒருத்தருக்கும் மாட்டத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவ்வளவு புத்தம் புதிதாக வைத்திருந்தேன். தொம்மைதான் ஒவ்வொருத்தன் தலையையும் வெங்காயத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்து, ஒரு கையால் பட்டை, மறு கையால் திருகு, 'அடுத்தவன்', பட்டை, திருகு, 'அடுத்தவன்' என்று மாட்டிக்கொண்டே வந்தான். திருடித் திருடிப் பழகியிருந்தான் அல்லவா?

கடைசியில் ஒன்று குறைந்தது. அது என் தப்பு இல்லை. அறைக்கு உண்டானது சரியாக இருந்தது. சாப்பாடு வாங்க இஞ்சின் அறையிலிருந்து ஒருத்தன் தட்டோடு வந்து நின்றிருந்தான். அவனவன் சாப்பாட்டை அவனவன் இடத்துக்கு வரவழைத்துச் சாப்பிட்டிருந்தால் குறைந்திருக்காது.

அலமாரியில் ஒரே ஒரு முகமூடி. மாட்டாமல் இரண்டு பேர். தொம்மையும் நானும். நான் குழாயிடம்தான் நின்றுகொண்டிருந்தேன், பதில் வரும் என்று. தொம்மை வந்து என் சட்டையைப் பிடித்துத் திருப்பினான்.

"இரு," என்றேன். "யார் யாருக்கு எது போயிருக்குன்னு நான் பாக்கணும்."

கன்னத்தில் ஒன்று விட்டான். நான் அதிர்ந்து வாயைத் திறந்த நேரத்தில் முகமூடியைப் போட்டு, பட்டையை இழுத்து, திருகைத் திருப்பிவிட்டான். கேட்காமல். என்னைவிட இளையவன் ஓய் அவன்.

எனக்கு வந்து வாய்த்தது எது தெரியுமா? அந்த வெங்காய முகமூடி. எத்தனை தடவை சோப்புப் போட்டிருப்பேன்! அப்படியும் உள்ளே மூக்கை வைத்தால் வெங்காயக் கடை. மற்றவனெல்லாம் பவுடர் வாசத்தில் படுத்திருக்கிறான், பொறுப்பாளி நான் வெங்காயத்தைச் சுவாசித்துக்கொண்டு கிடக்கிறேன்.

தொம்மை ஒரு துண்டை வாளித் தண்ணீரில் முக்கி மூஞ்சியில் சுற்றிக்கொண்டு மேல் படுக்கையில் ஏறிப் படுத்துவிட்டான். அந்தக் காற்று கனம், கீழேதான் தங்கும். அங்கே இருந்தபடியே காலால் தட்டித் தட்டி எல்லோரையும் மேலே ஏறச் சொன்னான். எனக்குப் பக்கத்துப் படுக்கை. முதலில் இருமினான். அப்புறம் இருமவில்லை. அதற்கு இருமலே தேவலை என்று இருந்தது. விமானம் போகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நான் அவன் காலை ஒருதரம் ஆட்டிப் பார்த்தேன். எட்டி உதைத்தான். சரி என்று விட்டுவிட்டேன்.

ஒருவழியாகக் கப்பல் மேலே வந்தது. மூடி திறந்தது. எல்லோரும் பிழைத்தோம். தொம்மையை நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கரைக்கு வந்ததும் விசாரணை. நரைத்த அதிகாரி ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

"சாவி எங்கே இருந்தது?" என்றார்.

"என் இடுப்பில், சார்."

"நீ எங்கே இருந்தாய்?"

"அலமாரிக்குப் பக்கத்தில், சார்."

"பிறகு?"

"உத்தரவு வரவில்லை, சார்."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார். என் பக்கம் அவ்வளவு நியாயம் இருந்தது. பூட்டை உடைத்தவனைத் தண்டிக்க வேண்டும் என்றேன். கதவைக் காட்டினார். தொம்மைக்குக் கைகொடுத்துப் பாராட்டு, எனக்கு மாற்றல் உத்தரவு. கரையில் கயிறும் பெயின்டும் வைக்கிற கிட்டங்கி. பூட்டுவதற்கு இவனை விட்டால் ஆளில்லை என்று தெரிந்துதான் போட்டிருப்பார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். ஒரு முழம் கயிறு வெளியே போனதில்லை. தேவைப்பட்ட கப்பலுக்குக்கூடப் போனதில்லை.

முகமூடிகளை மறுபடி ஆணியில் தொங்கவிடச் சொல்லிவிட்டார்களாம். மாதம் ஒருதரம் எல்லோரும் மாட்டிப் பழக வேண்டுமாம், தொம்மைதான் சொல்லிக்கொடுத்தானாம். எத்தனை ஜட்டிக்குப் பட்டை போயிற்றோ!

தொம்மையா? பிழைத்தான். மூக்குத்தான் போயிற்று. வாசம் தெரியாது. ரோஜாப்பூவும் ஒன்றுதான், கருவாடும் ஒன்றுதான் அவனுக்கு. அடுத்த பயணத்தில் கெட்டுப்போன மீனைக் குழம்பு வைத்துக் கப்பல் பூராவையும் கக்கூஸுக்கு முன்னால் வரிசையில் நிறுத்திவிட்டான். அத்தனை பேரும், 'சார், தள்ளலாமா?' அதோடு இறக்கிவிட்டார்கள். ஊரில் சாப்பாட்டுக் கடை போட்டான். பால் திரிந்தது தெரியாது, சோறு அடிப்பிடித்தது தெரியாது. கடை எத்தனை நாள் நிற்கும்? எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முதலிலேயே அவனுக்குச் சமைக்கத் தெரியாது.

அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்? நடுவில் பேச்சு விட்டுப்போனது கிடையாது. சண்டை போட ஒரு ஆள் வேண்டாமா?

பெண்டாட்டி போய்விட்டாள் அவனுக்கு. தனியாகப் பொங்கித் தின்கிறான். மகள் மஸ்கட்டில். அவள் ஒரு கருவி வாங்கி அனுப்பியிருந்தாள். காஸ் கசிந்தால் கூவுமாம். இவன் அதை அடுப்புக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டியிருந்தான். போன மாதம் போனபோது பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, புகை, பல்லி எச்சம். எனக்கு மனசு கேட்கவில்லை. கழற்றித் துடைத்து, பாட்டரி வீணாகாமல் தனியாக எடுத்து, பெட்டிக்குள் போட்டு, அவன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். சாவி இருக்கிறது. இதோ, இடுப்பில்.

நேற்று போன் பண்ணினான். சிலிண்டர் கசிந்திருக்கிறது. இவனுக்குத் தெரியவில்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி தெருவிலிருந்தே கூப்பாடு போட்டு ஓடி வந்திருக்கிறாள். இல்லாவிட்டால் வீட்டோடு போயிருப்பான். கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

"ஓய் குத்தாலம், சாவியக் கொண்டுட்டு வாரீரா, கத்திய எடுக்கட்டா?" என்கிறான். எண்பது வயதிலும் அதே வாய்.

சாவியைக் கொடுக்கவா? கொடுத்தால் மறுபடி அடுப்புக்கு மேலே மாட்டுவான். அதற்காகத்தான் இந்தப் பெட்டி. துணிமணியெல்லாம் எடுத்து வந்துவிட்டேன். மகனிடம் சொன்னேன், 'சரிப்பா' என்றான், டிவியைப் பார்த்தபடி. இனி மணப்பாட்டில்தான். தொம்மை அடுப்புக் கிட்டே போகும்போதெல்லாம் நான் பக்கத்தில் நிற்பேன். மோந்து பார்ப்பேன். நான் சரி என்ற பிறகுதான் அவன் தீக்குச்சி கிழிக்க வேண்டும்.

என் மூக்கா? அதில் சந்தேகமே வேண்டாம். இந்த வயதிலும் ஒரு வாசம் தப்பாது. அந்த அறையில் இருந்தவன்தானே நானும்? எனக்கு ஏன் போகவில்லை, அவனுக்கு ஏன் போயிற்று? எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும் ஓய்.